எதிர்த் தரப்பு வாதம்

அந்தக் கோர்ட்டில் கறுப்பு அங்கி போட்ட முதல் பெண் அவர்தான். வக்கீல்கள் அறையில் ஒரு நாற்காலி கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பழைய கேஸ் கட்டுகள் அடைத்துவைத்த அறையில், தூசியில் தும்மிக்கொண்டே அங்கியை மாட்டிக்கொள்வார். "வக்கீலம்மா தும்மிட்டாங்க, கோர்ட் ஆரம்பிக்கப் போகுது" என்று கேலி பேசிய மகானுபாவர்களே பிறகு சொந்த வீட்டு வழக்கைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடிவந்தார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். வழக்குக்கு முந்தின நாள் சமையலறையில் நாத்தனாரை உட்காரவைத்து, எதிர்த் தரப்புக்காக வாதாடிப் பார்ப்பார். நாத்தனார் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். சரிதான் என்று அவள் தலையாட்டிவிட்டால் போச்சு, வக்கீலம்மா மறுபடி சட்டப் புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும்.

ஒரே ஒரு வழக்குதான் அந்தச் சமையலறைக்கு வரவில்லை. அது நாத்தனாருடைய வழக்கு. பிரிந்து போன அவள் கணவன், மூன்று வயது மகள் தனக்குத்தான் என்று வழக்குப் போட்டிருந்தான். அவனுக்காக அவளிடமே எப்படிப் பேசுவது? வாய் வரவில்லை. ஒத்திகை இல்லாமல் போய்த் தோற்றார். தகப்பன்தான் காப்பாளர் என்றது சட்டம். தீர்ப்பான அன்றே, நாத்தனார் கோர்ட்டிலிருந்து வீடு திரும்புமுன் அவன் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நாத்தனார் அதன்பிறகு கோர்ட் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அண்ணியை ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை. அதுதான் வக்கீலம்மாவை அரித்தது.

அந்த அரிப்புதான் அவரைத் தேர்தலில் நிற்கவைத்து நாடாளுமன்றம் வரை தள்ளியது. தாயும் காப்பாளரே என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். ஓட்டெடுப்பு நெருங்கியபோது கட்சிக் கொறடா வீடு தேடி வந்தார்.

"வாபஸ் வாங்கிடுங்கம்மா. சட்ட மந்திரி நீங்கதான். இல்லேன்னா அடுத்த தேர்தல்ல சீட்டை மறந்துடுங்க."

அவர் போனதும் வக்கீலம்மா சமையலறைக்கு வந்தார். "உட்காரு" என்றார். கொறடாவின் தரப்பை எடுத்து வாதாடினார். மந்திரியானால் இன்னும் எத்தனையோ சட்டம் கொண்டுவரலாம், கொஞ்சம் பொறுத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்றார். வாதத்தில் ஓட்டை இல்லை.

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினாள்.

"நல்லாத்தான் பேசுறீங்க அண்ணி. அந்த ஜட்ஜும் கொஞ்சம் பொறுத்துக்கம்மான்னுதான் சொன்னாரு. என் பொண்ணுக்கு இப்ப இருபது வயசு. எதிர்ல வந்தா என்னை யாருன்னு தெரியாது."

மசோதாவை வக்கீலம்மா வாபஸ் வாங்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களும் சொந்தக் கட்சியில் சில பேரும் ஆதரித்ததில் அது நிறைவேறியது. கொறடா சொன்ன சொல் தவறாதவர், சீட்டும் போயிற்று.

பழைய கோர்ட்டுக்கே திரும்பினார். புதுச் சட்டத்தின் கீழ் வந்த முதல் வழக்கு ஓர் இளம் தாயுடையது. கூப்பிடாமலேயே நாத்தனாரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். தீர்ப்பு வந்ததும் குழந்தை தாயின் இடுப்பில் ஏறிக்கொண்டது. அவர்கள் வாசல் தாண்டிப் போகும்வரை நாத்தனார் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் கேஸையும் அன்னைக்கு என்கிட்ட பேசிப் பாத்திருக்கலாம் அண்ணி."

"பேசியிருந்தா ஜெயிச்சிருப்போமா?"

"தோத்துதான் இருப்போம். ஆனா, அது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். காலைல கோர்ட்டுக்குக் கிளம்பறப்ப அவளை ஒருதரம் நல்லாத் தூக்கி வெச்சிருந்துட்டு வந்திருப்பேன்."