பலகையின் பின்பக்கம்

எங்கள் வீட்டு லேசர் மெஷினை நான் கட்டியது என் மனைவியின் விரல்களுக்காக. கல்யாண மேடையில் மாப்பிள்ளை, பெண் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருப்பார்களே, மேனாம்பேடு சுற்றுவட்டார மண்டபங்களுக்கெல்லாம் அதை வெட்டிக் கொடுத்தவள் அவள். பதினைந்து வருடம் பிளேடு பிடித்த கை. முடக்குவாதம் வந்து, காலையில் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனபோது நான் பெரிய வீரன் மாதிரி சொன்னேன்: "இனிமே நீ பிளேட தொடக்கூடாது. மெஷின் வெட்டும். நீ பட்டன அமுக்கு, போதும்."

நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டூல் ரூம் ஆள், அச்சுக் கருவிகள் செய்கிறவன். எங்களுக்கு மட்டம்தான் சாமி. ஒரு பரப்பு மட்டமாக இல்லையென்றால் அன்று சோறு இறங்காது. மெஷினின் மற்ற பாகங்களையெல்லாம் வீடியோ பார்த்து எப்படியோ சேர்த்துவிட்டேன். பலகையை வைத்து வெட்டுகிற மேடையை மட்டும் நானே டிசைன் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இரண்டடிக்கு ஒன்றரை அடி, அரை அங்குல கனத்தில் ஓர் இரும்புத் தகடு. அதை கிரைண்டிங்கில் கொடுத்து, குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். நான்கு மூலையிலும் ஸ்குரூ வைத்து, மட்டம் பார்க்கிற டயல் கேஜை ஓட்டி ஓட்டி, தலைமுடியில் பாதிகூட ஏற்ற இறக்கம் இல்லாமல் மட்டம் பிடித்தேன். அதற்கே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

"இன்னாங்க, மணவறையா கட்றீங்க?" என்று கேலி செய்துகொண்டே வந்து பார்த்தவள், கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அடியில காத்து போவ வேணாமா? முறுக்கு சுட்டா கம்பி வலையில தான போட்றோம். தட்டுல போட்டா அடி நமுத்துப்பூடாது?"

"இது முறுக்கு இல்லம்மா" என்றேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

மெஷின் ஓடியது; சோதனைக்கு வெட்டிய பலகையை நான் முன்பக்கம் மட்டும் பார்த்தேன். மாலையில் நான் கம்ப்யூட்டரில் பெயர்களை வரைந்து வைப்பேன். மறுநாள் நான் வேலைக்குப் போனபிறகு அவள் பிளைவுட்டை வைத்து வெட்டுவாள். வேலப்பன்சாவடி ஃபிளாட்டுகளில் புதிதாகக் குடிவந்தவர்கள் வாசல் கதவுக்குப் பெயர்ப்பலகை கேட்டார்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று ஒன்றரை வருடம் கை நிறைய ஆர்டர். நான் வீடு திரும்பும்போது எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கும், முன்பக்கமும் பின்பக்கமும் அப்படி ஒரு சுத்தம். இரண்டு பலகைகளை டூல் ரூமுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "பாத்தியா மச்சான், இதான் தகட்டோட வேலை" என்று பீற்றிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒருநாள் எஸ்டேட்டில் முழுநாள் கரண்ட் கட். மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் ஆளைக் காணோம். பின்னால் துணி துவைக்கிற இடத்தில் சரசரவென்று சத்தம். தரையில் உட்கார்ந்து, தேய்ந்த செருப்புத் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி, ஒரு பெயர்ப்பலகையின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் தேய்க்காத பலகைகள் எட்டுப் பத்து கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் எழுத்தைச் சுற்றிக் கருகல், புகைக்கறை. பளபளப்பான இரும்பில் பட்ட லேசர் எகிறித் திரும்பி அடிப்பக்கத்தைச் சுடும், புகைக்கும் போக வழியில்லை. லேசர் வைத்திருக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

அவள் விரல்களைப் பார்த்தேன். முட்டிக்கு முட்டி வீங்கி, நுனியில் தோல் உரிந்திருந்தது. வீக்கம் வியாதியால் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"எப்பலேந்து?" என்றேன்.

"மொதல்லேந்தே தான்."

"என்னாண்ட சொல்லக்கூடாதா?"

"ஒருவாட்டி சொன்னேனே. முறுக்கு இல்லன்னிட்டீங்க." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. "வேலை உட்டு வந்ததும் சட்டகூட கழட்டாம அந்தத் தகட தடவிப் பாத்துக்கினு இருப்பீங்க. எப்புடிங்க சொல்றது?"

மறுநாள் பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, கைக்கு ஓய்வு கொடுத்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் இந்த நிலைமைக்கு வந்திருக்காது என்றார். கோணிப்போன விரல்கள் இனி நேராகாது, மாத்திரை வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். அவளுக்கு ஓய்வு கொடுக்கத்தான் மெஷின் கட்டினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

மிச்சமிருந்த ஆர்டர்களை நானே உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தேன். அதன்பிறகு பல வாரம் மெஷின் பக்கமே போகப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்பு அறுக்கிற பழைய ஹேக்சா பிளேடுகளை இரண்டு மரச்சட்டத்தில் கூர் மேலே பார்க்க, விரல்கடை இடைவெளியில் வரிசையாகச் சொருகினேன். டயல் கேஜை எடுக்கவே இல்லை. இரண்டு மணிநேர வேலை. ஒரு பலகையை வைத்து வெட்டித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கறை இல்லை.

அதைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். வாங்கப் பார்த்தாள், விரல்கள் மடங்கவில்லை, பலகை மடியில் விழுந்தது. நானே எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினேன். புறங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"வழவழன்னு கீதுங்க" என்றாள். "எவ்ளோ நேரம் தேச்சீங்க?"

தேய்க்கவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.