ஜீப்புக்கு மூக்கு வைத்த செல்லதுரை

தேவர்சோலையில் செல்லதுரையின் ஜீப்பைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் அந்த ஊருக்கு நேற்றுத்தான் வந்திருக்க வேண்டும். பின் சீட்டு, சர்ச்சில் வேண்டாமென்று வெளியே போட்ட பழைய பெஞ்சு. கதவுக்குப் பூட்டு கிடையாது, கோழிக்கூண்டின் கொக்கி. வைப்பர் மோட்டார் செத்துப்போன வருஷம் புதிதாக ஒன்று வாங்கிப் போடாமல் வைப்பரின் இரண்டு பக்கமும் கயிறு கட்டினார். ஒரு முனை டிரைவர் கையில், இன்னொரு முனை பக்கத்தில் உட்காருபவர் கையில். மழைக்காலத்தில் முன் சீட்டில் இடம் வேண்டுமென்றால் கூடலூர் போய்ச் சேரும்வரை கயிறு இழுக்கச் சம்மதிக்க வேண்டும். இழுப்பதை நிறுத்திவிட்டு ஊர்க்கதை பேசியவர்களை அவர் பாதி வழியில் பின்னால் அனுப்பியிருக்கிறார்.

சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை மூட்டைகளை ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய பிழைப்பு. எந்தச் சாமானையும் கடையில் வாங்குவதில்லை என்பது அவருடைய கொள்கை. "அவன் கையில செய்யறதை நம்ம கையில செய்ய முடியாதுன்னா, அப்பறம் நமக்கு எதுக்குங்க கை?" என்பார். இதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரே ஆள் அவருடைய மனைவி பியாட்ரிஸ் டீச்சர். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஜீப்பு வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் பியாட்ரிஸ் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார். அதனால் அவருக்கு அந்த ஜீப்பு எப்போதுமே "மூத்தவ".

செல்லதுரையின் வாழ்க்கையில் குறை என்று ஒன்று உண்டென்றால் அது மூன்றுகல் ஆறு. பியாட்ரிஸ் வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கரையிலேயே, கீழ்த்தட்டு எஸ்டேட்டில் இருந்தது. ஊரிலிருந்து ஆறு மைல். ஆற்றுக்குப் பாலம் கிடையாது. மூன்று பாறைகள் உண்டு, அவைதான் ஆற்றில் இறங்கலாமா கூடாதா என்று சொல்பவை. எஸ்டேட் ஜனங்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்: குட்டையன், நடுவன், நெட்டையன். குட்டையனின் தலை தெரிந்தால் எந்த ஜீப்பும் இறங்கலாம். குட்டையன் முங்கிவிட்டால் பானெட்டுக்குள் தண்ணீர் வரும், எஞ்சின் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைக் குடித்து நின்றுவிடும். நடுவனும் முங்கினால் யானைகூட யோசிக்கும்.

ஜூன் மாதம் பாதியில் குட்டையன் முங்குவான். ஆகஸ்டு பிறக்கும்வரை, மழை விட்ட ஓரிரு நாள் தவிர, வெளியே வரமாட்டான். அந்த நாட்களில் பியாட்ரிஸ் பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த டீச்சர் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிடுவார். சத்துணவு சமைக்கும் அங்கம்மா துணைக்கு வந்து படுத்துக்கொள்வாள். சுற்றுவழியில் வர அரை நாள் ஆகும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். இப்படிப் பதினோரு வருஷம்.

இங்கே செல்லதுரை சோறு, தயிர், அவித்த முட்டை என்று மூன்றையே திருப்பித் திருப்பிச் சாப்பிடுவார். சாயங்காலம் பேச ஆளில்லாமல் மழையோடு பேசுவார். ரேடியோவை இரண்டு மடங்கு சத்தமாக வைப்பார். அவருக்கு மனைவி இல்லாத வீடு பிடிக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஐம்பத்து மூன்று வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சாமான் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் மே மாதம் கூடலூர் பெட்ரோல் பங்கில், சுற்றுலா வந்த ஒரு ஜீப்பை அவர் பார்த்தார். அதன் பானெட் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் குழாய் கிளம்பி கண்ணாடி ஓரமாக ஏறி கூரை உயரத்தில் வாய் திறந்துகொண்டிருந்தது. புகைக்குழாய் இடம் மாறி இருக்கிறதே என்று விசாரித்தார். "இது ஸ்நார்க்கல். எஞ்சின் காத்தை இது வழியா மேலேர்ந்து இழுக்கும். பானெட் முங்கினாலும் வண்டி நிக்காது" என்றான் அந்த டிரைவர். செல்லதுரை அன்று ஃபேக்டரிக்கு மூட்டையைக் கொண்டுபோக ஒரு மணி நேரம் தாமதம்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார். "பியா, இந்த வருசம் நீ அக்கட்டால தங்க வேண்டாம். ஜீப்புக்கு மூக்கு வெக்கறேன். தெனம் சாயங்காலம் ஊட்டுக்கு வந்தர்லாம்."

பியாட்ரிஸ் மொபைலில் தேடிப் பார்த்தார். "ஏனுங்க, நம்ம வண்டிக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது இருக்குதுங்க. ரப்பரு, கிளாம்ப்பு, எல்லாம் ஒரே பெட்டில வருது. வாங்கிருவோமுங்களா?"

"ஒரு கொழாய். ரெண்டு வளைவு. இதுக்குப் பெட்டி எதுக்கு?"

பியாட்ரிஸ் மொபைலை மூடவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

மெக்கானிக் சங்கிலியின் ஒர்க்‌ஷாப்பில் மூக்கு வைக்கும் வேலை மூன்று வாரம் நடந்தது. சங்கிலிக்கு எந்த வேலைக்கும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அதுதான் அவனிடம் இருந்த ஒரே கோளாறு. முதலில் வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாயை வைத்தார்கள். எஞ்சின் சூட்டில் அது வாடிய கீரைத்தண்டாகத் தலை சாய்த்தது. பிறகு சங்கிலியின் மச்சான் ஊட்டிப் பக்கம் தைலம் காய்ச்சிவிட்டுக் கைவிட்ட அடுப்பிலிருந்து ஒரு செம்புக் குழாய் வந்தது. முப்பது வருஷம் யூகலிப்டஸ் ஆவி போன குழாய். என்ன கழுவியும் வாசம் போகவில்லை. அதற்குத் தகரத்தில் முழங்கைபோல ஒரு வளைவு செய்து, நடுவில் ஒட்டு வைத்து, பானெட்டுக்குள் ஏர் ஃபில்டரோடு சேர்த்தார்கள். உச்சியில் மழை இறங்காமலிருக்க ஒரு பால் குண்டாவைக் கவிழ்த்தார்கள்.

ஜீப்பு கிளம்பியபோது தேவர்சோலைக் கடைவீதி திரும்பிப் பார்த்தது. வண்டியை நிறுத்திய பிறகு, சூடான பானெட்டின் இடுக்கு வழியாகத் தைல வாசம் குப்பென்று வரும். இரண்டே நாளில் ஒரு செய்தி பரவிவிட்டது. சளி பிடித்தவர்கள் ஜீப்பு நிற்கும் இடத்துக்கு வந்து, பானெட் மேல் குனிந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள். செல்லதுரைக்கு இதில் பெருமை தாங்கவில்லை.

பியாட்ரிஸ் மட்டும் பானெட்டை முகர்ந்து பார்த்துவிட்டு யோசித்தார். "ஏனுங்க, கொழாய் மூடியிருந்தா வாசம் எப்படிங்க வெளிய வருது?"

"தைலம் அப்படித்தான். எதுலயும் பூந்து வரும்."

"வாசம் வார ஓட்டையில தண்ணி போகாதுங்களா?"

"பாடம் எடுக்கறதை ஸ்கூல்ல வெச்சுக்க" என்றார் செல்லதுரை. அதை அவர் பின்னால் நெடுநாள் நினைத்து வருந்த நேர்ந்தது.

ஜூன் பதினேழாம் தேதி திங்கட்கிழமை. காலையில் பியாட்ரிஸை ஆற்றைக் கடந்து இறக்கிவிட்டபோது குட்டையனின் தலை தெரிந்தது. பத்து மணிக்குப் பிடித்த மழை விடவேயில்லை. இரண்டு மணிக்குக் குட்டையன் முங்கிவிட்டான், நடுவனின் இடுப்பில் தண்ணீர் மோதுகிறது என்று தகவல் வந்தது. மூக்குக்கு வேலை வந்துவிட்டது.

கிளம்பும் முன் கடைசிப் பரீட்சை ஒன்றை வைத்தான் சங்கிலி. எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டூலில் ஏறி, குண்டாவை எடுத்துவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் இறுக்கி அடைத்தான். எஞ்சின் நிற்கவில்லை. ஒரு துளி சத்தம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்ணா. மூச்சை அடைச்சாலும் நிக்க மாட்டீங்குது. கம்பெனிக்காரன் மூக்கு இப்படி நிக்குமா?"

கூடியிருந்த எட்டுப் பேரும் கை தட்டினார்கள். செல்லதுரைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உடனே போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். அங்கே மணி கட்டிய கம்பத்துக்கு அடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கேயே பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டிருந்த போனைப் பியாட்ரிஸ் ஓடிவந்து எடுத்தார். நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, உங்க மூக்கைப் பொத்தினா என்ன பண்ணுவீங்க?"

"வாயால மூச்சு விடுவேன்."

"அப்ப உங்க மூத்தவளுக்கு வாய் எங்கியோ இருக்குதுங்க. அதை முதல்ல தேடுங்க. மூக்கைப் பொத்தினா வண்டி நின்னுருக்கோணும். நின்னாத்தானுங்க வேற வழியில காத்து போகலைன்னு அர்த்தம்."

செல்லதுரை போனைப் பையில் போட்டார். புரிந்துவிட்டது. வாய் அந்த ஒட்டில்தான் இருந்தது. கை தட்டிய எட்டுப் பேரும் ஆற்றங்கரைக்குப் போக ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள் என்பதும் புரிந்தது. சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிவருகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். முதல் நாளே தவறுவதா? சங்கிலியைக் கூப்பிட்டு, பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டின்மேல் ஏழு சுற்று சுற்றச் சொன்னார்.

"தாங்குமா?"

"தாங்கும்ங்ணா" என்றான் சங்கிலி. அவன் எதற்கும் முடியாது என்று சொல்லமாட்டான் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

கரையில் எல்லாரையும் இறக்கிவிட்டு, செல்லதுரை தனியாக ஆற்றில் இறங்கினார். வைப்பர் கயிற்றின் இரண்டு முனையும் அவர் கையிலேயே. தண்ணீர் பம்பரைத் தொட்டது, விளக்கை மூடியது, பானெட் மேல் ஏறியது. ஜீப்பு நிற்கவில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது, மேலே தைல வாசத்தோடு குழாய் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பாதி ஆறு கடந்தாயிற்று. அந்தக் கரையில் குடையோடு பியாட்ரிஸ் நிற்பது தெரிந்தது. அந்த நிமிஷத்தில் மலையில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் யாருமில்லை.

கரைக்குப் பத்தடி இருக்கும்போது ஏழு சுற்று டியூபும் கழன்று தண்ணீரில் மிதந்து வந்தது. ஜீப்பு ஒரு மடக்குக் குடித்தது. விக்கியது. நின்றுவிட்டது.

தேயிலை பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் கயிறு போட்டார்கள். முன்னால் நின்று இழுத்தது அங்கம்மா. "டீச்சரூட்டுக்காரரே, ஸ்டீரிங்கைப் புடிச்சுட்டாவது உக்காருங்க" என்றாள். ஜீப்பு வெளியே வந்தது, ஆனால் அந்தக் கரையில். சங்கிலி எதிர்க்கரையிலிருந்து கையை ஆட்டி, ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று கத்தினான். உள்ளே போன தண்ணீரை எடுக்க எஞ்சினைத் திறக்க வேண்டும், அதற்கு அவன் சுற்றுவழி பஸ்ஸில் ஏற்ற முடியாத சாமான்களோடு வர வேண்டும், அவன் வரக் குட்டையன் தலை காட்ட வேண்டும். அன்று இருட்டுவதற்குள் நடுவனும் முங்கிவிட்டான்.

செல்லதுரை நனைந்த சட்டையோடு மனைவி முன்னால் நின்றார். "உன்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னேன். நானே இங்க வந்து மாட்டிக்கிட்டேன்."

பியாட்ரிஸ் துண்டைக் கொடுத்தார். "மூத்தவளை விட்டுட்டு நீங்க ஒரு தடவை சுத்துவழியில பஸ்ஸேறி வந்து இங்க தங்கியிருக்கலாமுங்க. பதினோரு வருசமா நானும் சொல்லாமப் பாத்துட்டே இருக்கறேன்."

செல்லதுரை தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டார். எந்தச் சாமானையும் தானே செய்யத் தெரிந்தவருக்கு, ஜீப்பு இல்லாமல் தான் மட்டும் ஓரிடத்துக்குப் போகலாம் என்பது தோன்றவேயில்லை. வெட்கமாக இருந்தது. ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு வந்த நாட்களில் அவர் பள்ளிக்கூடத்தின் கதவுக்குக் கீல் வைத்தார். ஒழுகின கூரையை அடைத்தார். காலையில் அங்கம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அங்கம்மாவின் சமையல்கட்டில் புகை போக வழியில்லை என்று பார்த்ததும் செம்புக் குழாயைக் கழற்றிக் கூரையில் சொருகினார். ஜீப்புக்கு உதவாத மூக்கு அடுப்புக்குப் பிரமாதமாகப் பொருந்தியது. சாயங்காலம் இரண்டு பேரும் கட்டங்காப்பி குடித்தபடி மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் சங்கிலி போனில் வந்தான். "ங்ணா, டீச்சரம்மா பேருக்கு நம்ம பட்டறைக்கு ஒரு பெட்டி வந்துருக்குதுங்க. பிரிச்சுப் பாத்தேன். மூக்கு. கம்பெனி மூக்கு. ரப்பரு, கிளாம்ப்பு எல்லாம் அச்சா இருக்குது. குட்டையன் தெரிஞ்சா ஒரு போன் போடுங்க, கொண்டாந்து எஞ்சினையும் பாத்து, ஒரே நாள்ல மாட்டி உட்டர்றேன்."

செல்லதுரை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "எப்ப சொல்லி வெச்ச?"

"நீங்க கொழாய் தேடப் போன அன்னிக்கே" என்றார் பியாட்ரிஸ். செல்லதுரைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மழை விட்டு நான்கு நாளாகி, பன்னிரண்டாம் நாள் நன்றாக வெயில் அடித்தது. குட்டையன் தலை மட்டுமல்ல, தோளும் தெரிந்தது. அதன்மேல் ஒரு வாலாட்டிக் குருவி உட்கார்ந்திருந்தது. செல்லதுரை அதை நன்றாகப் பார்த்துவிட்டு மணிக் கம்பத்தடிக்குப் போய்ச் சங்கிலியைக் கூப்பிட்டார்.

"இன்னும் முங்கித்தான் கெடக்குது சங்கிலி."

"இங்க நாலு நாளா மழையே இல்லீங்களேங்ணா" என்றான் சங்கிலி. "டீச்சரம்மாகிட்ட குடுங்க, கேட்டுக்கறேன்."

பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தும் டீச்சர், வருகைப் பதிவேட்டோடு பின்னாலேயே நின்றிருந்தார். செல்லதுரை போனைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பியாட்ரிஸ் ஆற்றைப் பார்த்தார். குட்டையனைப் பார்த்தார், குருவியைப் பார்த்தார், வெங்காயத் தோல் ஒட்டியிருந்த கணவரின் சட்டையைப் பார்த்தார்.

"ஆமா சங்கிலி, தெரியல. இன்னொரு வாரம் ஆகும் போல இருக்குது" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் மணி அடிக்கப் போனார்.