புளி தேய்த்த இருதலைப் பறவை

மலேசியாவின் கிள்ளானில் பழங்காசு சேர்க்கும் குமார் அண்ணனிடம் ஒரு செம்புக் காசைப் படமெடுக்க வாங்கி வந்தேன். யானைகளைத் தூக்கிப் பறக்கும் இருதலைப் பறவை அதில் இருந்தது. தெளிவாகத் தெரியட்டும் என்று குத்துவிளக்கைப் போலப் புளியால் தேய்த்தேன். திருப்பிக் கொடுத்த உறையை அவர் பிரிக்காமலே பூஜை அலமாரியில் வைத்தார்.

அடுத்த வாரம் என் முன்னால்தான் பிரித்தார்.

"மாலா! பூஜைச் சாமானோட இதையும் தேச்சிட்டியா? கருமை போனா காசுக்கு மதிப்பே இல்ல லா!"

சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்த அவர் மனைவி, "நான் தொடவே இல்லங்க" என்றார்.

"பின்ன, பறவையே குளிச்சிச்சா?"

நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். மாலா அக்காவின் கண் கலங்கிய பிறகுதான், "நான்தான் தேச்சேன், அண்ணே" என்றேன்.

அக்கா என் காலிக் கோப்பையை எடுத்தார்.

"முழுசா குடிச்சி முடிச்சிட்டுத்தான் சொல்லணும்னு இருந்தீங்களா?"