லென்ஸுக்குப் பின்னால் ஒரு சந்து

1980களில், அப்பாவுக்குப் பார்வை இருந்த ஒரே கண்ணில் புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். இரண்டு வருடத்தில் அது மறுபடி மங்கியது. "உப்புத்தண்ணி பூந்துடுச்சி" என்று இறால் பிடிக்கப் பழவேற்காடு ஏரியில் இறங்குவதையே விட்டுவிட்டார்.

டாக்டர் சொன்னதை, வீட்டில் முதலில் படித்தவள் என்ற மிடுக்கோடு நான் விளக்கினேன்.

"உப்பு இல்ல நைனா. லென்ஸோட பின்பக்கம் தட்டையா இருக்குது. பின்னாடி சவ்வோட ஒட்டி உக்காரல. அந்தச் சந்துல, ஆபரேஷன்ல மிச்சமான செல்லுங்க பாசி மாதிரி படருது."

"வலையோட அடிக்கயிறு தரையில படியலன்னா எறா பூந்து போய்டுமே, அப்படியா?"

"அப்படித்தான்."

"இப்ப இன்னா பண்லாம், டீச்சரம்மா?"

ஒட்டி உட்காரும் லென்ஸ் இனிமேல்தான் வருமாம். சவ்வைத் திறக்கும் லேசர் இங்கே இல்லை. ஒற்றைக் கண்ணில் கத்தி வைக்க டாக்டருக்கே பயம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"போவுது, ஏரி மேல பழி இல்ல" என்று என் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார் அப்பா. காரணம் முழுவதும் தெரிந்த எனக்குச் சிரிக்க வரவில்லை.