வருங்கால நாட்டில் ஓர் அக்கா

பெண்களை அடைத்து வைக்கும் வருங்கால நாடுகளைப் பற்றிய நாவல் என்றால் நான் சோறு தண்ணி மறந்து படிப்பேன். பல்கலைக்கழக விடுதியில் தொடங்கிய பழக்கம். அவற்றில் மதில் இருக்கும், சீருடை இருக்கும், துப்பாக்கிக்காரன் இருப்பான். கொடுமையை யார் செய்கிறார்கள் என்பதில் குழப்பமே இருக்காது. அதனால்தான் பிடித்தது என்று இப்போது தோன்றுகிறது.

போன வருடம் நானும் அப்படி ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு நாடு. அங்கே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெண் வேலைக்குப் போயாக வேண்டும். அவள் நின்றால் மொத்தக் குடும்பமும் தெருவில். கடைசியில் ஒருத்தி காவலாளிகளை ஏமாற்றிவிட்டுத் தப்பி ஓடுகிறாள். கதை கொழும்பில் ஒரு சிற்றிதழில் வந்தது. கற்பனை அபாரம் என்றார்கள் நண்பர்கள். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

கற்பனையாவது மண்ணாங்கட்டியாவது. யட்டியாந்தோட்டைக்கு மேலே, எங்கள் இறப்பர்த் தோட்டத்து வழக்கம்தான் அது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் தோட்டம் தந்த லயத்து வரிசை அறை நமக்குத் தங்கும். அப்பா செத்து, அம்மாவும் இடுப்பு ஒடிந்து படுத்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது. அண்ணன் கொழும்பில் கடையொன்றுக்குப் போயிருந்தான். அவனை யாரும் திரும்பி வரச் சொல்லவில்லை. அக்கா படிப்பை விட்டுவிட்டுப் பேர் பதிந்தாள். நான் படித்தேன். இருபது வருடமாக அவள் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள்.

சித்திரை வருசத்துக்கு வீட்டுக்குப் போனபோது கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பலாக்கொட்டை உரித்தபடி கேட்டாள்.

"அவ ஓடிட்டா, வீட்ல இருந்தவங்க எங்க போனாங்க?"

"கதை அதோட முடிஞ்சிருச்சுக்கா."

"அது எப்பிடி முடியும்? நானும் ஒருக்கா கெளம்புனேனே."

எனக்குத் தெரியாத சேதி. அவிசாவளையில் கார்மெண்ட்ஸ் ஒன்றில் வேலை கிடைத்து, துணிப்பையோடு பஸ் நிற்கும் இடம் வரை போயிருக்கிறாள்.

"பஸ் வந்துச்சு. ஏறல. ஒனக்கு அடுத்த மாசம் சோதனை. ரூம எடுத்துட்டாங்கன்னா எங்க இருந்து படிப்பே? திரும்பிட்டேன். லேட்டா போனேன்னு கணக்கப்பிள்ளை ஏசுனாரு. அவ்வளவுதான்."

மதில் இல்லை, துப்பாக்கி இல்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. என் கதையில் தங்கை என்று ஒருத்தி இருக்கிறாளா என்று மனதுக்குள் தேடினேன். நான் அவளை எழுதவே இல்லை.

அழுதுவிட்டேன். அந்த அழுகையோடேயே, "இப்பவாவது போக்கா. ஒனக்குப் புடிச்ச வேலையப் பாரு. அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அக்கா பலாக்கொட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நெசமாவா? அப்ப நீ எப்ப வந்து பேர் பதியிறே?"

கொழும்பில் என் வேலை, மூன்று மாடி ஏறிப் போக வேண்டிய என் ஒற்றை அறை, அம்மாவின் இடுப்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

அவள் பலாக்கொட்டைகளை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "சும்மா கேட்டேன்டி, நீ அழாத" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.