கச்சான் காற்றில் ஒரு மேப்பிள்

நித்திரை வராத ஒரு மரத்தை எப்படி நித்திரையாக்குவது?

நாலு வயது மகளைத் தோளில் போட்டு, முதுகில் தட்டி, ஒருவழியாக உறங்க வைக்க எனக்குத் தெரியும். முற்றத்துத் தொட்டியில் நிற்கும் ஜப்பானிய மேப்பிளை என்ன செய்வதென்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

அது எங்கள் மண்ணுக்குரிய மரமல்ல. பெரியகல்லாற்றில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இடையில் எங்கள் மணல். தென்னைக்கும் முருங்கைக்கும் அது போதும். மேப்பிளுக்கு எது போதும் என்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லை.

என் கணவர் நுவரெலியாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதிய உத்தியோகத்தர். மாதத்தில் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். மகள் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தபோது, பால்மாத் தகரப் பேணி ஒன்றில் நட்ட சின்னக் கன்றை மடியில் வைத்துக்கொண்டே பதுளை வீதியால் இறங்கி வந்திருந்தார். குளிருமென்று தன் சுவெட்டரால் அதைப் போர்த்தியிருந்தார். செங்கலடியில் பஸ் மாறும்போது தனக்கே வேர்த்து ஊற்றியதாம், ஆனாலும் கன்றின் சுவெட்டரைக் கழற்றத் தோன்றவில்லையாம்.

அம்மா எனக்கும் அக்காவுக்கும் பிரித்துத் தந்த வளவில் மற்றப் பாதி அவளுடையது. நடுவில் வேலி இல்லை. வந்தவரை முதலில் கண்டவள் அவள்தான்.

"புள்ளைக்குச் சங்கிலி கொண்டு வருவாரெண்டு பார்த்தா, மரவள்ளிக் கண்டு கொண்டந்திரிக்காரு!"

"மரவள்ளி இல்ல மச்சாள். ஜப்பான் மரம்."

"அப்ப கிழங்கு விழாதா?"

"விழாது."

"மறுகா என்னத்துக்கு?"

"பார்க்கிறதுக்கு."

"பார்க்கிறதுக்கா!" என்று அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு, குனிந்து பார்த்தாள். பிறகு நீண்ட நேரம் நிமிரவில்லை.

அந்த இலையைப் பார்த்த எவரும் அப்படித்தான். ஒவ்வொன்றும் மகளின் அப்போதைய கையளவு, ஏழு விரல்களோடு, நுனிகள் கூராக இருந்தன. கொழுந்து செம்மையாக வந்து, பிறகு பச்சையாகி, காம்பு மட்டும் சிவப்பாகவே நிற்கும். வெயில் பின்னாலிருந்து விழும்போது நரம்பு நரம்பாகத் தெரியும். மாங்கொழுந்தின் சிவப்பைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். இருந்தாலும் இது வேறு. இவ்வளவு மெல்லிய ஒன்று எப்படி மரமென்று நிற்கிறது என்று ஒவ்வொரு நாளும் அதிசயப்படுவேன்.

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் என்பதால் எல்லாவற்றையும் வாசித்துத்தான் தொடங்கினேன். ஒருவர் காலை வெயில் மட்டும் என்றார். இன்னொருவர் வெயில் இல்லாவிட்டால் நிறமே வராது என்றார். ஒருவர் வேர் நனைந்தே இருக்கவேண்டும் என்றார், மற்றவர் நனைந்தால் அழுகும் என்றார். எழுதியவர்கள் எல்லோரும் பனி கொட்டும் நாட்டுக்காரர்கள். உப்புக் கலந்த சவர்த் தண்ணீரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. சீமெந்துத் தொட்டியில் தென்னந் தும்புத்தூளும் இலைமக்கும் கலந்து வைத்தேன். கிழக்குச் சுவரோரம் வைத்தேன், அடுத்த நாள் மாமர நிழலுக்கு நகர்த்தினேன், மறுநாள் திரும்பவும் சுவரோரம். கைக்குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் தொட்டியை இழுத்தவளைப் பார்த்து, "உன்ட மரம் இந்த வளவச் சுத்திப் பார்க்க வந்த வெள்ளைக்காரன் போல திரியுது" என்றாள் அக்கா.

இரண்டாவது ஆடியில் கச்சான் வந்தது. மேற்கே, வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரை வயல்வெளிகளைத் தாண்டி வாவிக்கு மேலால் வரும் அந்தக் காற்றுக்கு ஈரம் என்பதே கிடையாது. கொடியில் போட்ட உடுப்பு பிள்ளைக்கு உடுத்துவதற்குள் விறைத்துவிடும். மேப்பிளின் விரல் நுனிகள் கருகின. வெயில் என்று நினைத்து நிழலுக்கு மாற்றினேன். கருகல் நுனியிலிருந்து உள்ளே நகர்ந்தது. தண்ணீர் காணாது என்று நினைத்துக் கிணற்றுத் தண்ணீரை இன்னும் ஊற்றினேன். வரட்சியில் எங்கள் கிணறு உவர்க்கும் என்று தெரிந்தும், கொஞ்சம்தானே என்று எண்ணினேன். ஓர இலைகள் சுருண்டு விழத் தொடங்கின.

ஒருநாள் காலை உடுப்புக் காயவிடும்போதுதான் கண்டேன். அக்கா ஒரு பேசின் தண்ணீரோடு வந்து, மேப்பிளின் அடியில் மெதுவாக, சுற்றிவர ஊற்றினாள். வேரை நோகச் செய்யக்கூடாது என்பதுபோல அவ்வளவு பக்குவமாக.

"அக்கா! என்னத்த ஊத்துறாய்?"

"மீன் கழுவின தண்ணி. வாடிப்போய் நிக்கிது, பாவம். ஒவ்வொரு நாளும் இதுக்குத்தான் குடுக்கிறன். முருங்கைக்குக்கூட ஊத்துறல்ல."

எங்கள் வீடுகளில் மீனைக் கல்லுப்புப் போட்டு உரசித்தான் கழுவுவோம். அந்தத் தண்ணீரை வீணாக்குவதில்லை. தென்னையும் முருங்கையும் அதைக் குடித்துத்தான் செழிக்கின்றன. அக்கா தன்னிடமிருந்த நல்லதைத்தான் கொடுத்திருக்கிறாள்.

"உப்புக்கா அது, உப்பு!"

"கடல்ர மீன். உப்பில்லாமச் சீனியா இரிக்கும்?"

"மரம் எரியுது அதால!"

அக்காவின் முகம் சுருங்கியது. பிறகு பேசினைக் கவிழ்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்: "ஜப்பான்காரனுகள் மீனப் பச்சையாத் தின்னுறவனுகளாம். இவன் மட்டும் கழுவின தண்ணிக்கே மாட்டேங்கிறான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உண்மையில் அவளுடைய உப்பு எவ்வளவு, என் கிணற்று உப்பு எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

அன்றைக்குப் பிறகு அக்கா செய்ததை நான் மறக்கமாட்டேன். மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரை அலசி, புதுக் கலவையில் நாங்கள் இருவருமாக வைத்தோம். குழாய்த் தண்ணீரைப் பெரிய பிளாஸ்டிக் பரலில் பிடித்து, குளோரின் போக மூடாமல் ஒரு பகல் ஆறவிட்டு, அதைத்தான் ஊற்றவேண்டும் என்று நான் சொன்னேன். நான் மகளுக்குக் காய்ச்சலென்று திரிந்த நாட்களிலும் அக்கா அந்தப் பரலை வற்றவிடவில்லை. அக்காவின் கணவரான அத்தான் மேற்குப் பக்கமாகத் தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தார். ஒரு மரத்துக்காக வீடு கட்டுகிற ஆட்களை வாழ்நாளில் காணவில்லை என்று போற வாற சனம் பகிடி பண்ணியது.

ஆனால் இலை எல்லாம் கொட்டிவிட்டது. வெறும் குச்சி. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "செத்துப்போச்சு புள்ள, அடுப்புக்குப் போடு" என்றார்.

"உங்கட வாய்க்கு நல்லதே வராதா மாமி?" என்று அக்காதான் சீறினாள். "எதுக்கும் கிடுகு மறைப்பு இரிக்கட்டும்" என்று என்னிடம் சொன்னாள். நான் நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை. சுரண்டியதே காயமாகிவிடுமோ என்று பிறகு கவலைப்படுவேன்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்து விடிந்த காலை, அக்காவின் குரல்தான் என்னை எழுப்பியது.

"ஒழும்பி வா கா! ஜப்பான்காரன் வந்திட்டான்!"

குச்சியின் கணுக்களில் சோடி சோடியாகச் சிவந்த மொட்டுகள். கிள்ளிய மிளகாய்ப் பழத்தின் நுனியளவுதான். நாங்கள் இருவரும் நனைந்த மணலில் குந்தியிருந்து அதையே பார்த்தோம். இவ்வளவு உப்பையும் இவ்வளவு காற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி வந்த ஒன்றை வேறு எப்படிப் பார்ப்பது? அந்த ஆண்டு தொடங்கிக் கூரைப் பீலியில் வரும் மழைத்தண்ணீரைச் சேர்த்து வைக்கிறோம். கச்சான் தொடங்கும்வரை அந்தத் தண்ணீர் மரத்துக்கே, பிறகு பரல் தண்ணீர்.

இப்போது மரம் மகளின் தலைக்கு மேலே நிற்கிறது. அவள் அதைக் கைமரம் என்பாள். காலையில் தன் உள்ளங்கையை இலையோடு ஒட்டிப் பிடித்து, "இண்டைக்கும் நான்தான் பெரிசு" என்று சொல்லிவிட்டுத்தான் பாலர் பாடசாலைக்குப் போவாள். மணலில் விழும் நிழலை மிதிக்கவும் விடமாட்டாள். அடுப்புக்குப் போடச் சொன்ன மாமியே ஒரு கம்பு கேட்டு வாங்கிப்போய் மரவள்ளிபோல நட்டுப் பார்த்தார். கேட்டால் கொடுக்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அது துளிர்க்கவில்லை.

ஆனால் இந்த ஆண்டு எனக்குப் பயமாக இருக்கிறது. இலைகள் சிறுத்துவிட்டன. கொழுந்துக்கும் கொழுந்துக்கும் இடையிலான தூரம் குறுகிவிட்டது. உதிர்கிறது, உடனே துளிர்க்கிறது, திரும்பவும் உதிர்கிறது. இந்த மரங்களுக்கு ஆண்டில் சில வாரங்களாவது குளிர்ந்த ஓய்வு வேண்டுமாம். அது கிடைக்காவிட்டால் இருக்கும் சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு ஒருநாள் துளிர்க்காமலே விட்டுவிடுமாம். எங்கள் மார்கழி மழைக்குக் குளிர்வது நாங்கள்தான், மரமல்ல.

போன முறை வந்தபோது கணவர் சொன்னார்: "என்னோட அனுப்பு. குவாட்டர்ஸ் பின்னால வைக்கிறன். தையும் மாசியும் அங்க நல்ல குளிர். பங்குனியில கொண்டு வாறன்."

மகள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அங்க அதுக்கு ஆர் கதை சொல்லுற?"

"நான் சொல்லுவன். நானும் போய்ப் போய்த்தானே வாறன், மகள். அதுவும் என்னோட போய் வரட்டும்."

அவள் பிடியை விடவில்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறும் மனிதரிடம் இவ்வளவு பொறுமை இருக்கிறதே என்று நினைத்தேன்.

அக்கா மட்டும் தெளிவாகச் சொன்னாள்: "நித்திரையில்லாமப் புள்ள வளக்கலாமா? அனுப்புகா." சொல்லிவிட்டு, தொட்டியைச் சுற்றிக் கட்டச் சாக்கு ஒன்றையும் தைக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் தையல் இன்னும் முடியவில்லை. அவளுக்கும் மனம் வரவில்லையோ என்னவோ.

என் மனம் ஒரு பக்கத்தில் நிற்பதில்லை. பஸ்ஸில் கொப்பு முறிந்தால்? இவ்வளவு காலம் வெயிலில் நின்றதைத் திடீரென்று குளிரில் வைத்தால் தாங்குமா? நன்றாக ஓய்வெடுத்துப் பங்குனியில் திரும்பி வந்து, நேராகச் சித்திரை வெயிலுக்கும் பிறகு கச்சானுக்கும் முகங்கொடுப்பது இன்னும் கொடுமையல்லவா? அங்கே செழித்துவிட்டால் திரும்பக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? வைத்திருந்து அது போய்விட்டால், ஒரு காலை இலையோடு கை வைக்க வரும் மகளிடம் என்ன சொல்வேன்?

தைப்பொங்கலுக்கு அவர் வருகிறார். திரும்பும்போது கையோடு கொண்டுபோவதா, விடுவதா என்று அதற்குள் சொல்லவேண்டும். வாசிக்கிற உங்களில் யாராவது எங்களைப் போன்ற வெப்பமான கரையோரத்தில் மேப்பிளையோ வேறொரு குளிர்நாட்டு மரத்தையோ வளர்த்திருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். குளிருக்கு அனுப்பி எடுத்தீர்களா? அல்லது இங்கேயே நிழலும் குறைந்த தண்ணீரும் கொடுத்து அதை ஓயவைக்க ஒரு வழி இருக்கிறதா? அனுப்பத்தான் வேண்டுமென்றால், தொட்டி போன இடத்தில் மணலில் பதிந்திருக்கும் வட்டத்தைப் பார்த்து நிற்கப்போகும் நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.