வேடு கட்டிய சதுப்பு நிலம்

பாலைவனத்தில் செத்துப்போன ஒரு சதுப்பு நிலத்தை மீட்டெடுக்கும் பொறுப்பு, என் ஒன்பதாவது வயதில், பாரிசின் லா ஷப்பேலில் வைத்து என் தலையில் விழுந்தது. எங்கள் வகுப்பு ஆசிரியை அந்த நிலத்தின் கதையை அவ்வளவு உருக்கமாகச் சொல்லியிருந்தார். வயலுக்கென்று ஆற்றை மறித்ததில் நாணலும் பறவைகளும் போய்விட்டனவாம். இப்போது திரும்பத் தண்ணீர் விட, காய்ந்த சேற்றுக்குள் பல வருடம் தூங்கிய விதைகள் கண் விழிக்கின்றனவாம். அதை எங்களுக்குக் காட்ட ஒரு தட்டில் மணலைப் பரப்பி, நடுவில் காய்ந்த குளத்துச் சேற்றை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். முளை தலைகாட்டிய நேரம் பார்த்து இலையுதிர்கால விடுமுறை வந்தது. தட்டை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று கேட்டார். எதற்கும் தலையாட்டும் பிள்ளை வகுப்பில் நான்தான்.

தூங்கும் விதை எத்தனை வருடமும் காத்திருக்கும், முளைத்தது ஒருமுறை காய்ந்தால் அவ்வளவுதான் என்று சொல்லித்தான் தட்டைத் தந்தார். ரூ காய் தெரு வழியாக அதைத் தூக்கிக்கொண்டு நடக்கையில் மரக்கறிக் கடை அண்ணை, வயல் விதைக்கப் போகிறாயோ என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பு முழுவதின் முளையும் என் கையில் இருந்தது.

அம்மா அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலைக்கு விடியமுன் போய் வருவார். அடுத்த நாள் நான் எழும்பியபோது சமையலறையில் வைத்த தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மா வந்ததும் வராததுமாக அதைச் சாய்த்துத் தண்ணீரை வெளியே ஊற்றியிருந்தார். நான் திரும்ப நிரப்பினேன். அவர் திரும்ப ஊற்றினார்.

பள்ளிக்கூடம் என்று சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. அந்தச் சொல்லை வைத்தே நான் எத்தனையோ வண்ணப் பேனாக்கள் வாங்கியிருக்கிறேன். இம்முறை அதுவும் பலிக்கவில்லை.

“பள்ளிக்கூடமெண்டாலும் தண்ணி நிக்கக் கூடாது. நுளம்பு வரும்” என்றார் அம்மா.

இந்தக் குளிரில் பாரிசில் கடிக்க ஏது நுளம்பு என்று பிரெஞ்சில் கத்தினேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. முளைகள் ஓரத்தில் கருகத் தொடங்கியிருந்தன. தட்டை நிரப்பி என் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். கூட்ட வந்த அம்மாவின் தும்புத்தடி அதில் இடித்தது.

தட்டை வெளியே இழுத்துப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடினேன். அவரோ என் நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விம்மி விம்மி அழுதேன். இது செத்தால் வகுப்பில் யாரும் என்னோடு கதைக்கமாட்டார்கள் என்றேன். அம்மா எழுந்துபோய் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, ஊறுகாய்ச் சாடிக்குக் கட்டுவதுபோலத் தட்டுக்கு வேடு கட்டினார். நூலால் பலமுறை சுற்றி இறுக்கினார். துணிக்கு மேலாலேயே தண்ணீர் தெளிக்க வேண்டும், அவிழ்க்கக் கூடாது என்பது கட்டளை. உள்ளே முளை இருக்கிறதா, செத்ததா என்று தெரியாமலே என் மிச்ச விடுமுறை கழிந்தது.

பள்ளி தொடங்கிய நாள் அம்மா வேலையிலிருந்து நேரத்தோடு வந்து தட்டைத் தானே தூக்கிவந்தார். வெள்ளைத் துணியைக் கண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். இது எதற்கு என்று ஆசிரியை கேட்டார். அம்மாவுக்குப் பிரெஞ்சு போதாது. வழக்கம்போல நான்தான் நடுவில் நின்றேன்.

“சண்டை நேரம் நாங்கள் இடம்பெயர்ந்து போய் இருந்த கொட்டிலைச் சுத்தி மழைத்தண்ணி நிண்டது. தம்பிக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. அதுதான் எனக்குப் பயம் எண்டு சொல்லு பிள்ளை.”

வீட்டில் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பையனின் மாலை போட்ட படம் உண்டு. அவர்தான் அம்மாவின் தம்பி, என் மாமா. மாமாவுக்குக் காய்ச்சல் வந்ததாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நூலை அவிழ்க்கத் தொடங்கினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்த ஆசிரியை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். துணியை விலக்கினேன். முளைகள் வெளிறி, வளைந்து, ஆனால் உயிரோடு நின்றன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துள்ளிக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். முளைத்த சந்தோஷம் அவருக்கும் என்று நினைத்தேன்.

படத்தில் இருக்கும் மாமாக்கள் எல்லாரும் கனடாவில் இருப்பவர்கள் என்றும், காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடம் போகாமல் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டு படுத்திருப்பது என்றும்தான் அப்போது எனக்குத் தெரியும்.